குறைந்த செலவில் புரதம்

(உணவு வழங்கல் துறை அலுவலர்களும் சமூகநலப் பாட மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றப்பெற்ற உரையின் வாசகம்)

வருவாய் சுருங்கிய குடும்பத்தில் உணவுப் பட்டியல் ஓர் ஒழுங்கில் சுருங்குகிறது. மீனும் முட்டையும் முதலில் நீங்குகின்றன. அடுத்துப் பால் குறைகிறது. அதன்பின் பருப்பின் முறை வருகிறது. பருப்பு குறைவது மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை. பருப்பு குறைந்த அளவுக்குத் தண்ணீர் கூடிவிடுவதால் பாத்திரம் நிறைந்தே காணப்படும். அரிசியும் கோதுமையும் கடைசிவரை நிற்கின்றன. வயிறு நிரம்பிய குடும்பத்திலும் குழந்தை வயதுக்கேற்ற உயரம் பெறாமற் போவதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளில் போதிய உணவு பெற்றோர் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேர் மட்டுமே.

கையிலுள்ள அதே பணத்தில் கூடுதலான புரதத்தை வாங்க இயலுமா என்பதே இவ்வுரையின் பொருள். இயலும் என்பதே விடை. ஆனால் அதற்கு, கிலோ என்ன விலை என்று கேட்கும் பழக்கத்தைச் சிறிது மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எவ்வளவு தேவை?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, வயது வந்தோருக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாள்தோறும் 0.83 கிராம் புரதம் வேண்டும். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு 54 கிராம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஏறக்குறைய 46 கிராம். கருவுற்ற பெண்ணுக்குக் கடைசி மூன்று மாதங்களில் இதற்கு மேலும் 22 கிராம் தேவைப்படுகிறது. 2023-24ஆம் ஆண்டின் வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வு, ஊர்ப்புறத்தில் நபர் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 62 கிராம் அளவுக்குப் புரதம் உண்பதாகக் கூறுகிறது. இந்த எண்ணை மட்டும் காண்பவர், குறையே இல்லை என்று எண்ணக்கூடும். சராசரி என்பது உண்பவனையும் உண்ணாதவனையும் ஒரே பந்தியில் அமர்த்திக் காட்டும் கணக்கு என்பது ஒரு புறமிருக்க, அந்த 62 கிராமில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி தானியங்களிலிருந்தே வருகிறது. கவனிக்க வேண்டிய இடம் அதுதான்.

புரதம் என்பது ஒரே பொருளன்று; பல அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றுள் சிலவற்றை உடல் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாது. அரிசி, கோதுமை, சோளம் ஆகியவற்றின் புரதத்தில் லைசின் என்னும் அமிலம் குறைவு. பருப்பு வகைகளில் லைசின் மிகுதி; மெத்தியோனின் குறைவு. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது. தானியம் மூன்று பங்குக்குப் பருப்பு ஒரு பங்கு என்னும் விகிதம் நல்ல பலன் தருவதாக ஊட்டச்சத்து அறிஞர் கூறுவர். பருப்புச் சோறு, ரொட்டியும் தாலும், கிச்சடி, இட்லி என நாடெங்கும் வழங்கிவரும் உணவுகள் யாவும் இந்த இணைப்பை அறிவியலுக்கு முன்னரே கண்டுகொண்டவை. ஆகவே ஏழைக் குடும்பம் பருப்புக்குச் செலவிடும் ரூபாய் இரட்டை வேலை செய்கிறது: தன் புரதத்தைத் தருவதோடு, ஏற்கெனவே வாங்கிய தானியத்தின் புரதத்தையும் பயனுள்ளதாக்குகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1960களின் பிற்பகுதியில் உலக அரங்கில் புரதப் பஞ்சம் பற்றிய பேச்சு ஓங்கியிருந்தது. அக்காலத்தில் இந்தியப் புள்ளியியல் அறிஞர் பி. வி. சுகாத்மே, குறை புரதத்தில் மட்டுமன்று, மொத்த உணவிலேயே உள்ளது என்று வாதிட்டார். 1973இல் சி. கோபாலனும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நாள்தோறும் 310 கலோரியும் 3 கிராம் புரதமும் மட்டுமே கொண்ட கூடுதல் உணவைப் பெற்ற குழந்தைகள், அதைப் பெறாதவர்களைவிட நன்கு வளர்ந்தமை தெரியவந்தது. கலோரி போதாத உடல், புரதத்தையும் விறகாக எரித்துவிடுகிறது. எனவே தானியத்தைக் குறைத்து அந்தப் பணத்தில் புரதம் வாங்குமாறு அரைவயிற்றுக் குடும்பத்துக்கு அறிவுரை கூறுவது தவறு. தானியம் நிரம்பிய பின் மீதமிருக்கும் சிறு தொகையை எங்கே செலவிடுவது என்பதே கேள்வி.

கிலோ விலையும் கிராம் விலையும்

விலைகள் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறுபவை. கீழே தரப்படும் விலைகள் கணக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவையே. அவரவர் ஊர் விலையை அவ்விடத்தில் இட்டுப் பார்க்கலாம்.

துவரம்பருப்பு கிலோ 120 ரூபாய் எனக் கொள்வோம். அதில் 220 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. ஆகவே ஒரு கிராம் புரதத்தின் விலை 55 காசு. முழுக் கொண்டைக்கடலை 80 ரூபாய், புரதம் 180 கிராம்; கிராம் ஒன்றுக்கு 44 காசு. மைசூர்ப் பருப்பு 90 ரூபாய், புரதம் 240 கிராம், 38 காசுதான். எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் சோயா மாவிலிருந்து செய்யப்படும் சோயா உருண்டை கிலோ 150 ரூபாய் ஆயினும், அதன் எடையில் பாதி புரதமாதலால் கிராம் 30 காசுக்கு அடங்குகிறது. நிலக்கடலை 130 ரூபாய் விற்றால் 54 காசு; அதோடு எண்ணெய்ச் சத்தும் கலோரியும் கூடவே கிடைக்கின்றன. முட்டை ஒன்று ஆறு ரூபாய் என்றால், அதிலுள்ள ஆறரை கிராம் புரதத்தின் விலை கிராமுக்கு 92 காசு. பால் லிட்டர் 56 ரூபாய் என்றால் ஏறக்குறைய 1 ரூபாய் 70 காசு. பன்னீர் கிலோ 400 ரூபாய் எனில் இரண்டு ரூபாய்க்கு மேல். பாதாம் பருப்பு 900 ரூபாய் எனில் நாலரை ரூபாய்.

முட்டைப் புரதமும் பால் புரதமும் தரத்தில் உயர்ந்தவை. முட்டையில் பருப்பில் இல்லாத பி-12 உயிர்ச்சத்தும் உண்டு. வளரும் குழந்தைக்கு ஒரு முட்டைக்குத் தரும் ஆறு ரூபாய் வீண் செலவாகாது. ஆனால் பாதாமும், டப்பாவில் அடைத்து விற்கும் ஊட்டப் பானமும் அப்படியல்ல. மால்ட்டும் சர்க்கரையும் மிகுந்த இத்தகைய பானப் பொடிகள் பலவற்றில் புரதம் பத்து விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. கோதுமை மாவிலும் ஏறத்தாழ அவ்வளவு உண்டு. கூலி வேலை செய்யும் தாய், பருப்பைக் குறைத்துக்கொண்டு குழந்தைக்கு இந்த டப்பாவை வாங்கும் காட்சி நகர்ப்புறங்களில் அரிதன்று. அவளைக் குறை கூறிப் பயனில்லை. அவளிடம் பேசியது விளம்பரம் மட்டுமே. 2024 ஏப்ரலில் மைய வணிக அமைச்சகம், இத்தகைய பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்னும் பிரிவிலிருந்து நீக்குமாறு இணையவழி வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. அதே ஆண்டு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், உடற்கட்டுக்காகப் புரதப் பொடி உண்பதைத் தவிர்க்குமாறு கூறியது.

ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆளுக்கு நாள்தோறும் 60 கிராம் பருப்பு என்றால் மாதம் 9 கிலோ ஆகிறது. சிறு குழந்தைகளுக்கு இவ்வளவு வேண்டியதில்லை. ஆயினும் கணக்கின் எளிமைக்காக அப்படியே கொள்ளலாம். முழுவதும் துவரம்பருப்பாக வாங்கினால் 1,080 ரூபாய். கிடைக்கும் புரதம் 1,980 கிராம். அதற்குப் பதிலாக 4 கிலோ கொண்டைக்கடலை, 2 கிலோ மைசூர்ப் பருப்பு, 1 கிலோ சோயா உருண்டை, 1 கிலோ நிலக்கடலை என வாங்கினால் செலவு 780 ரூபாய். புரதம் 1,940 கிராம். மிஞ்சும் 300 ரூபாய்க்கு 50 முட்டை வாங்கலாம். அவை மேலும் 325 கிராம் புரதம் தரும். துவரை உண்டு பழகிய குடும்பம் ஒரே நாளில் இப்படி மாறிவிடாது. மாற வேண்டும் என்பதுமில்லை. பாதி மாறினாலே வேறுபாடு தெரியும்.

பீகாரின் வறுகடலை மாவு

புரதத்தின் விலையில் அடுப்பின் செலவும் அடங்கும் என்பதை நூல்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. ராஜ்மாவும் முழுக் கொண்டைக்கடலையும் இரவு முழுதும் ஊற வேண்டும். பிறகு நெடுநேரம் வேக வேண்டும். தில்லியிலோ மும்பையிலோ ஓர் அறையில் ஆறு பேராகத் தங்கி, சிறு எரிவாயு உருளையை வைத்துச் சமாளிக்கும் கட்டடத் தொழிலாளிக்கு அந்த எரிபொருளும் நேரமும் கடையில் கொடுக்கும் விலைக்குச் சமமான சுமை.

இச்சிக்கலுக்குப் பீகார், கிழக்கு உத்தரப் பிரதேச உழைப்பாளிகள் பன்னெடுங்காலமாகக் கண்டுவைத்திருக்கும் விடை ‘சத்து’ எனப்படும் வறுகடலை மாவு. (தமிழ்ச் சொல்லோடு ஒலி ஒத்திருப்பது தற்செயலே.) கொண்டைக்கடலையை மணலில் வறுத்து அரைத்த இந்த மாவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம் உண்டு. சில இடங்களில் வாற்கோதுமையும் சேர்ப்பர். நீரில் கரைத்து உப்பும் எலுமிச்சையும் சேர்த்துக் குடிக்கலாம். சிறிது நீர் விட்டுப் பிசைந்து, நறுக்கிய வெங்காயமும் பச்சை மிளகாயும் வைத்து உண்ணலாம். அடுப்பு வேண்டியதில்லை, பாத்திரம் ஒன்று போதும். துணியில் முடிந்து ரயிலில் கொண்டு செல்லலாம். ரிக்ஷா இழுப்பவரும் மூட்டை தூக்குபவரும் கோடை நண்பகலில் இதையே நம்பியிருக்கின்றனர். 100 கிராம் மாவு ஏறத்தாழ 20 கிராம் புரதம் தருகிறது. ஒருவரின் ஒரு நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிலேயே நிறைவேறிவிடுகிறது. அண்மைக் காலமாக அழகிய பொட்டலங்களில் நகரக் கடைகளுக்கும் இது வந்திருக்கிறது. அங்கே அதன் விலையைக் காணும் பீகார் உழைப்பாளி அதைத் தன் பொருள் என்று ஒப்புக்கொள்வாரா என்பது ஐயமே.

முளைகட்டிய பயறு பற்றியும் ஒரு சொல். முளைப்பதால் செரிமானம் எளிதாகிறது, சி உயிர்ச்சத்து கூடுகிறது. இரும்புச் சத்து உடலில் சேர்வதும் மேம்படுகிறது. ஆனால் புரதம் பெருகிவிடுவதில்லை. 100 கிராம் பயறு நீர் குடித்து எடை கூடினாலும் அதிலுள்ள புரதம் பழைய அளவே. முளைகட்டியதை எடை போட்டு வாங்குபவர் பெரும்பகுதி தண்ணீருக்கே விலை தருகிறார்.

மலிவில் உள்ள ஆபத்து

மலிவான புரதம் எல்லாம் நல்ல புரதம் என்று கொள்ளலாகாது. மத்தியப் பிரதேசத்தின் ரேவா, சத்னா பகுதிகளில் கேசரிப் பருப்பு வறட்சியிலும் விளையும்; புரதம் மிகுந்தது; விலையும் குறைவு. பண்ணையாட்களுக்குக் கூலியாகவும் அளக்கப்பட்டது. பஞ்ச காலங்களில் மாதக்கணக்கில் இதையே முதன்மை உணவாக உண்டவர்களுக்குக் கால்கள் செயலிழந்து, கோலூன்றி நடக்கவும் தவழவும் நேர்ந்தது. உழைக்கும் வயதில் இருந்தோரே மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர். இதற்குக் காரணமான நச்சுப் பொருளை 1964இல் இந்திய ஆய்வாளர்களே பிரித்தறிந்தனர். அதற்கு முன்பே, 1961இல், மைய அரசு இப்பருப்பின் விற்பனையைத் தடை செய்திருந்தது. எனினும் சில மாநிலங்கள் அத்தடையை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. நச்சுக் குறைந்த இரகங்கள் பின்னர் வந்துள்ளன. ஆனாலும் துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, கடலை மாவு ஆகியவற்றின் விலை ஏறும்போதெல்லாம் கேசரிக் கலப்பு பற்றிய அச்சம் திரும்புகிறது. ஒரு பக்கம் சரிந்து, சதுரமாகத் தோன்றும் பருப்பு கலந்திருந்தால் ஐயுற வேண்டும். மாவில் இதைக் கண்ணால் காண இயலாது. ஆகையால் கடலை மாவை மிக மலிவாகத் தேடுவதைவிடக் கடலையை வாங்கி அரைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

நிலக்கடலையிலும் கவனம் வேண்டும். ஈரத்தில் பூசணம் பிடித்த, சுருங்கி நிறம் மாறிய கடலையில் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகிறது. வறுத்தாலும் இது முற்றிலும் நீங்குவதில்லை. கசக்கும் கடலையை எறிந்துவிடுவதே சிக்கனம்.

ஏழை தரும் கூடுதல் விலை

நாட்கூலி பெறுபவர் மாலையில் நூறு கிராம் பருப்பு வாங்குகிறார். அந்த நூறு கிராமின் விலையைக் கிலோவுக்குப் பெருக்கிப் பார்த்தால், மாதச் சம்பளக்காரர் தரும் விலையைவிடக் கூடுதலாகவே இருக்கும். கடனுக்கு வாங்கினால் இன்னும் கூடும். கடை மாறும் உரிமையும் போய்விடும். மகளிர் சுய உதவிக் குழுக்கள் சேமிப்போடும் கடனோடும் நின்றுவிடாமல், அறுவடைக் காலத்தில் பயறு வாங்கிப் பங்கிடும் வேலையையும் மேற்கொண்டால் இந்த இழப்பு கணிசமாகக் குறையும். கொண்டைக்கடலை மார்ச், ஏப்ரலில் சந்தைக்கு வருகிறது; துவரை டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. வெயிலில் நன்கு காயவைத்து, சிறிது எண்ணெய் தடவி, மூடிய கலத்தில் வைத்தால் முழுப் பயறு மாதக்கணக்கில் கெடாது.

வாங்கியது வீட்டுக்குள் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பது மற்றொரு செய்தி. வட மாநிலங்களில் பல வீடுகளில் கைக்குழந்தைக்குப் பருப்பைக் கொடுக்காமல் பருப்பின் மேல் தெளிந்த நீரை மட்டும் கொடுக்கும் வழக்கம் உண்டு. எளிதில் செரிக்கும் என்பது நம்பிக்கை. புரதமோ அடியில் தங்கிவிட்ட பருப்பில் இருக்கிறது. அந்தப் பருப்பை மசித்து ஒரு கரண்டி ஊட்டுவதற்கு ஒரு காசுகூடக் கூடுதலாகச் செலவாகாது. கடைசியில் உண்ணும் மருமகளுக்கும் பெரும்பாலும் இந்தத் தெளிந்த நீரே எஞ்சுகிறது. அவள் கருவுற்றிருக்கும் மாதங்களிலும் இதுவே நிலை.

அலுவலரின் கணக்கு

1951இல் இந்தியாவில் நபர் ஒருவருக்கு நாளொன்றுக்குக் கிடைத்த பருப்பு 60.7 கிராம். 1961இல் 69 கிராம். 1981இல் அது 37.5 கிராமாகவும், 2001இல் 30 கிராமாகவும் இறங்கியது. 2011இல் 43 கிராமாக ஓரளவு மீண்டது. பாசனமும் உரமும் உறுதியான கொள்முதலும் நெல்லையும் கோதுமையையும் உயர்த்திய ஆண்டுகளில் பயறு மானாவாரி நிலத்துக்கு ஒதுங்கியது. பசுமைப் புரட்சி பசியைத் தணித்தது என்பதில் ஐயமில்லை. தானியத்தை ஒப்பிடப் பருப்பை விலை உயர்ந்த பொருளாக்கியதும் அதே காலந்தான். 2015 அக்டோபரில் துவரம்பருப்பு சில நகரங்களில் கிலோ 200 ரூபாயைத் தாண்டியபோது இதன் விளைவை நடுத்தர வகுப்பும் உணர்ந்தது. 2025 பிப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில் துவரை, உளுந்து, மைசூர்ப் பருப்பு ஆகியவற்றில் தன்னிறைவு காண ஆறாண்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது.

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முன்னுரிமைக் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ தானியம் உண்டு. 2023 ஜனவரி முதல் அது விலையின்றி வழங்கப்படுகிறது. அந்த 5 கிலோ கோதுமையானால் நாளொன்றுக்கு 18 கிராம் புரதம். அரிசியானால் 12 கிராம் அளவே. அதாவது ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும் அரிசி பெறும் குடும்பம், கோதுமை பெறும் குடும்பத்தைவிட ஆளுக்கு ஆறு கிராம் புரதத்தைச் சந்தையில் கூடுதலாக வாங்க வேண்டியிருக்கிறது. ஒரே அளவு பங்கீடு ஒரே அளவு ஊட்டமாகாது. சட்டம் பருப்பை உறுதி செய்யவில்லை. தமிழ்நாடு, இமாச்சலப் பிரதேசம் போன்ற சில மாநிலங்கள் 2007 முதல் தம் செலவில் சலுகை விலைப் பருப்பை நியாய விலைக் கடைகளில் சேர்த்தன. 2023 ஜூலையில் மைய அரசு ‘பாரத் தால்’ என்னும் பெயரில் கடலைப்பருப்பைக் கிலோ 60 ரூபாய்க்கு விற்கத் தொடங்கியது.

குடும்பத்துக்கு மாதம் ஒரு கிலோ பருப்பு என்பது அறிவிப்பில் பெரிதாகத் தோன்றும். ஐந்து பேருக்கும் முப்பது நாளுக்கும் வகுத்தால் ஆளுக்கு ஏழு கிராம் பருப்பு. ஒன்றரை கிராம் புரதம். பள்ளி மதிய உணவில் தொடக்க வகுப்புக் குழந்தை ஒவ்வொன்றுக்கும் விதிக்கப்பட்ட அளவு, ஒரு வேளைக்கே 20 கிராம் பருப்பும் 100 கிராம் தானியமும். வீட்டுப் பங்கீடு இதன் அருகில்கூட வரவில்லை.

ஒரு கிலோவை இரண்டு, மூன்று கிலோவாக உயர்த்தப் பணம் வேண்டும். உடைத்த பருப்புக்குப் பதிலாக முழுக் கடலையை வழங்கினால் அப்பணத்தில் ஒரு பகுதி மிச்சமாகும். ஆலைக் கூலி இல்லை, உமியோடு இருப்பதால் நெடுநாள் தாங்கும், கலப்படமும் கடினம். 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை பெருந்தொற்றுக் கால உதவியாகக் குடும்பத்துக்கு ஒரு கிலோ பருப்பு அறிவிக்கப்பட்டபோது, கிடங்கிலிருந்த பயறை ஆலைக்கு அனுப்பி உடைத்துக் கொண்டுவருவதில் தாமதம் ஏற்பட்டது. ஜூலை முதல் நவம்பர் வரை முழுக் கொண்டைக்கடலையே வழங்கப்பட்டது. அதை வேகவைக்க எரிபொருள் கூடுதலாகும் என்பது உண்மை. பீகாரைப் போல வறுத்து அரைத்துக் கொடுக்கும் சிறு ஆலையை ஊர் மகளிர் குழுவிடம் ஒப்படைத்தால் அந்தச் செலவும் நீங்கும். எத்தனை ஊருக்கு ஓர் ஆலை, அரைவைக் கூலியை யார் ஏற்பது என்பவை மாவட்ட அளவில் கணக்கிட்டு முடிவு செய்ய வேண்டியவை.